கணக்குப் புத்தகத்தில் கிரிகோரி பெக்

கேள்வி: என் அம்மாவுக்கு 85 வயது. கொழும்பில் பிறந்து வளர்ந்தவர், இப்போது ஸ்கார்பரோவில் என்னோடு இருக்கிறார். பள்ளிக்கூட நாளிலிருந்து ஹாலிவுட் நடிகர் கிரிகோரி பெக்கின் ரசிகை. ஒரு பெரிய கொப்பி நிறைய அவருடைய படங்களை வெட்டி ஒட்டி வைத்திருக்கிறார். 1983 ஜூலையில் வெள்ளவத்தை வீட்டை விட்டு ஓடியபோது அம்மாவின் கையில் இருந்தவை எங்கள் சான்றிதழ் பையும் இந்தக் கொப்பியும்தான். கல்யாண ஆல்பம் வீட்டோடு எரிந்துபோனது. அண்ணா அதை இன்றைக்கும் சொல்லிக்காட்டுவார். இப்போது கொப்பியின் தாள்கள் உதிர்கின்றன. படங்களைக் கவனமாகப் பிரித்தெடுத்து நல்ல ஆல்பத்தில் போடலாமா? 1955-இல் பெக் கையெழுத்திட்டு அனுப்பிய படம் ஒன்றும் கொப்பிக்குள் இருந்தது, இப்போது சுவரில் மாட்டியிருக்கிறோம். அது அசல்தானா, என்ன விலை போகும் என்று அண்ணா கேட்கச் சொன்னார். அம்மாவின் காலத்துக்குப் பிறகு இதையெல்லாம் யாரிடம் கொடுப்பது? சில பக்கங்களை ஸ்கேன் செய்து அனுப்பியிருக்கிறேன்.
– ஒரு வாசகி, டொராண்டோ

பதில்: படங்களைப் பிரிக்காதீர்கள். ஏற்கெனவே தொடங்கியிருந்தால் அந்தப் பக்கத்தோடு நிறுத்திவிடுங்கள். பழைய தாள்களையும் புகைப்படங்களையும் பாதுகாக்கும் வேலையில் இருப்பவன் என்பதால் பொதுவாகவே இப்படித்தான் சொல்வேன். ஆனால் உங்கள் விஷயத்தில் தனியாக ஒரு காரணம் உண்டு. அது நீங்கள் அனுப்பிய ஸ்கேனிலேயே இருக்கிறது.

ஏழாவது ஸ்கேனைப் பெரிதாக்கிப் பாருங்கள். பெக் ஒரு கதவில் சாய்ந்து நிற்கும் படம். அதன் கீழ் இடது மூலை கிழிந்து மேலே மடங்கியிருக்கிறது. அந்தக் கிழிசலுக்கு உள்ளே நீல மையில் நான்கு வரி எழுத்து தெரிகிறது. பக்கத்தில் செங்குத்தாக இரண்டு சிவப்புக் கோடுகள், கோடுகளுக்கு நடுவே ரூபாயும் சதமும். முதல் வரியில் 'மல்லி'. இரண்டாவதில் 'மா' என்பது மட்டும் புரிகிறது. மூன்றாவதில் யாரோ ஒருவரின் பெயர், அதற்குப் பக்கத்தில் 'பாக்கி'. நீங்கள் கொப்பி என்று எழுதியிருப்பது பள்ளிக்கூடக் கொப்பி அல்ல, கடைக் கணக்குப் புத்தகம். அட்டையின் ஓரத்தில் துணி வைத்துக் கட்டியிருப்பதும் அதைத்தான் சொல்கிறது.

அம்மாவின் அப்பா கடை வைத்திருந்தாரா? உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒன்றும் இல்லை. முதலில் அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். எழுதி முடித்த கணக்குப் புத்தகத்தில் படம் ஒட்டுவது உலகம் முழுக்க இருந்த வழக்கம். தாள் தடிமனாக இருக்கும், காசு கொடுத்து வாங்கவும் வேண்டாம். அப்பாவுக்கு இனித் தேவைப்படாத புத்தகத்தை 13, 14 வயதுப் பெண் கேட்டு வாங்கியிருப்பார். அல்லது கேட்காமல் எடுத்திருப்பார்.

அப்படியானால் அண்ணா நாற்பது வருடமாகச் சொல்லிவரும் குறையை அவரே இன்னொரு முறை யோசித்துப் பார்க்கலாம். எரிந்த வீட்டிலிருந்து உங்கள் தாத்தாவின் எழுத்தோ, கடைக்காரப் பிள்ளை எழுதியதோ, ஏதோ ஒன்று கனடா வரைக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. அம்மா அதை நினைத்துத்தான் எடுத்து வந்தார் என்று நான் சொல்லவரவில்லை. பெரும்பாலும் பெக்குக்காகத்தான் எடுத்திருப்பார். ஓடுகிற நேரத்தில் கைக்கு எது அகப்படும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதற்கு இத்தனை வருடம் கழித்து விளக்கம் கேட்பதும் நியாயமில்லை.

இனி பிரிப்பதில் உள்ள ஆபத்து. முன்பக்கங்களில் படங்கள் மாப்பசையில் ஒட்டப்பட்டிருக்கின்றன. ஓரங்களில் வெள்ளையாகத் திட்டுத்திட்டாகத் தெரிவது அதுதான். மாப்பசை நல்ல பசை. கோதுமை மாவிலிருந்து எடுத்த ஸ்டார்ச் பசையைத்தான் நாங்கள் இன்றைக்கும் பயன்படுத்துகிறோம், ஏனென்றால் ஈரம் பட்டால் விட்டுக்கொடுத்துவிடும். ஆனால் உங்கள் புத்தகத்தில் அந்த ஈரம்தான் வில்லன். கணக்கு எழுதிய நீல மை தண்ணீர் பட்டால் கரையக்கூடிய வகையாக இருக்க வாய்ப்பு அதிகம். பெக்கை விடுவிக்கப்போய் தாத்தாவின் கணக்கு நீலக் கறையாகிவிடும். ஈரமில்லாமல் கத்தியால் கிளப்பினாலோ, 70 வருடப் பத்திரிகைத் தாள் சல்லிசல்லியாகப் போகும். பத்திரிகைத் தாளை, மரத்தில் உள்ள லிக்னின் என்ற பொருளை நீக்காமல் மரக்கூழில் செய்வார்கள். மஞ்சளாவதற்கும் முறிவதற்கும் அதுதான் காரணம். அம்மா சரியாகப் பாதுகாக்கவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். கொழும்பின் ஈரப்பதத்தில் வளர்ந்த ஒரு புத்தகம் இந்த அளவுக்குத் தப்பியிருப்பதே பெரிய விஷயம்.

பிரிக்காமலேயே கணக்கைப் படிக்க வழி இருக்கிறது. படம் வரைகிறவர்கள் பயன்படுத்தும் மெல்லிய எல்இடி விளக்குத் தட்டு ஒன்று வாங்குங்கள். அறையை இருட்டாக்கி, ஒரே ஒரு பக்கத்தின் அடியில் தட்டை மெதுவாக நுழைத்து, மேலிருந்து படமெடுங்கள். வெளிச்சம் ஊடுருவும்போது ஒட்டிய படம், அதன் பின்பக்கத்துச் செய்தி, அதற்கும் அடியில் உள்ள கணக்கு எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரியும். முதல் பார்வைக்குக் குழப்பமாகத்தான் இருக்கும். விளக்கில்லாமல் எடுத்த சாதாரணப் படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எது எது என்று பிரித்துவிடலாம். தட்டை அதிக நேரம் அடியில் விடாதீர்கள், புத்தகத்தை 180 பாகைக்கு அழுத்தி விரிக்காதீர்கள். இரண்டு பக்கமும் சுருட்டிய துண்டு வைத்து, புத்தகம் எவ்வளவு திறக்க இடம் கொடுக்கிறதோ அவ்வளவு போதும்.

சரி, பெக்கிடம் வருவோம். இந்தப் புத்தகத்தை நான் ரசித்துப் பார்த்தேன். பத்தாவது ஸ்கேனில் ஆங்கில நாளிதழ்த் துண்டு ஒன்று இருக்கிறது. தேதி வெட்டுப்பட்டுப் போய்விட்டது, ஆனால் செய்தியை வைத்தே வருடத்தைச் சொல்லிவிடலாம்: 1954. இரண்டாம் உலகப் போர்க்காலத்துப் பர்மாவில் நடக்கும் 'தி பர்ப்பிள் ப்ளெய்ன்' படத்தை இலங்கையில் எடுத்தார்கள். ராபர்ட் பாரிஷ் இயக்கம். பெக் அதற்காக இலங்கைக்கு வந்து தங்கியிருந்தார். அப்போது உங்கள் அம்மாவுக்கு 14 வயது. பெக் நடித்த 'ரோமன் ஹாலிடே' முந்தைய வருடம்தான் வெளியாகியிருந்தது. திரையில் பார்த்த முகம் தான் இருக்கும் தீவிலேயே எங்கோ நடமாடுகிறது என்று பேப்பரில் படித்த பெண்ணுக்கு எப்படி இருந்திருக்கும்! துண்டின் நான்கு ஓரங்களும் ஸ்கேல் வைத்து வெட்டியதுபோல நேராக இருக்கின்றன. மற்றப் பக்கங்களில் இந்த அளவுக்குச் சிரத்தை இல்லை.

மூன்றாவது ஸ்கேனைப் பார்த்துச் சிரித்துவிட்டேன். 'ரோமன் ஹாலிடே'யில் பெக் ரோமில் வெஸ்பா ஸ்கூட்டரில் போகும் படம். பின்னால் உட்கார்ந்திருந்த கதாநாயகி ஆட்ரி ஹெப்பர்னைக் கத்தரி கொண்டுபோய்விட்டது, பெக்கின் இடுப்பில் ஒரு கை மட்டும் மிச்சம். இது உங்கள் அம்மாவின் தனிக் கோபம் அல்ல, ரசிகைகளின் ஒட்டுப் புத்தகங்களில் அடிக்கடி காண்பதுதான். வேடிக்கை என்னவென்றால், ஹெப்பர்ன் அப்போது அமெரிக்க ரசிகர்களுக்குப் புதுமுகம். ஒப்பந்தப்படி பெக்கின் பெயர்தான் பெரிதாக வரவேண்டும். அந்தப் பெண் ஆஸ்கர் வாங்கப்போகிறாள், என் பெயருக்குச் சமமாக அவள் பெயரையும் போடுங்கள் என்று கேட்டுக்கொண்டவரே பெக்தான். ஹெப்பர்ன் அந்தப் படத்துக்கே ஆஸ்கர் வாங்கினார். பெக் கொடுத்த இடத்தை உங்கள் அம்மா கத்தரித்துவிட்டார். ஆனால் பெக்கின் இரண்டாவது மனைவி வெரோனிக் பாசானி, பிரெஞ்சுப் பத்திரிகையாளர், 1955-இன் கடைசி நாளில் மணந்தவர், அவர் மட்டும் ஒரு கீறல்கூட இல்லாமல் முழுசாக இருக்கிறார். நடிகையோடு போட்டி, மனைவிக்கு மரியாதை. இந்தச் சட்டம் எங்கே எழுதியிருக்கிறதோ தெரியவில்லை, ஆனால் எல்லா ரசிகைகளும் கடைப்பிடித்திருக்கிறார்கள்.

ஒரு நடிகரை 70 வருடம் பிடித்திருப்பதற்கு அந்த நடிகரின் ஒத்துழைப்பும் வேண்டும் என்பது என் கருத்து. அந்தக் காலத்து நாயகர்கள் பலரின் வாழ்க்கை வரலாறுகள் பின்னால் வெளிவந்தபோது அவர்களுடைய ரசிகர்கள் சங்கடப்பட்டார்கள். பெக் அந்தச் சங்கடத்தைப் பெரிதாக வைக்கவில்லை. யூத வெறுப்பைப் பற்றிய படத்தில் நடித்தால் தொழில் கெடும் என்று ஏஜென்ட் சொன்னபோதும் 1947-இல் நடித்தார். 1968 ஏப்ரலில் மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டபோது ஆஸ்கர் அகாடமியின் தலைவர் பெக்தான். விழாவை இரண்டு நாள் தள்ளிவைத்தார்கள். 'டு கில் எ மாக்கிங்பேர்ட்' படத்தில் பொய்க் குற்றம் சாட்டப்பட்ட கறுப்பினத்தவருக்காக வாதாடும் வக்கீலாக நடித்து 1963-இல் ஆஸ்கர் வாங்கியபோது, அந்த வேடத்துக்கும் மனிதருக்கும் நடுவே பெரிய தூரம் இருப்பதாக யாருக்கும் தோன்றவில்லை. அம்மாவின் புத்தகத்தில் அந்த ஆஸ்கர் செய்திக்கு ஒரு முழுப் பக்கம் கிடைத்திருக்கிறது.

அதற்கு அடுத்த பக்கத்தைப் பார்த்தீர்களா? 2003 ஜூன், பெக் 87 வயதில் இறந்த செய்தி. டொராண்டோ பத்திரிகை. 1963-க்கும் 2003-க்கும் நடுவே ஒரு துண்டுகூட இல்லை. அந்த நாற்பது வருடத்தில் பெக் சும்மா இருக்கவில்லை, ஏராளமாக நடித்தார். ஆல்பம்தான் நின்றுபோயிருக்கிறது. கல்யாணம், நீங்கள் இருவர், பிறகு 1983, பிறகு கனடா. ஆனால் புத்தகத்தை விடவில்லை, படம் ஒட்டாத பக்கங்களைக் கிழித்து வேறு எதற்கும் பயன்படுத்தவும் இல்லை. அதன் பிறகு கடைசியாக ஒட்டியிருப்பது 2011-இல் அமெரிக்க அஞ்சல்துறை வெளியிட்ட பெக் தபால்தலை. அதை யார் வாங்கிக் கொடுத்தது?

இப்போது அண்ணாவின் கேள்வி. அந்தக் காலத்து நட்சத்திரங்களுக்கு வாரத்துக்கு ஆயிரக்கணக்கில் கடிதம் வரும். அவர்களே உட்கார்ந்து கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தால் நடிக்க நேரம் இருக்காது. அதனால் ரசிகருக்குப் போன படங்களில் மூன்று வகை உண்டு: கையெழுத்தைப் படத்தோடு சேர்த்தே அச்சடித்தது, செயலாளர் போட்டது, நடிகரே போட்டது. மூன்றாவது வகை அரிது. பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்றை வாங்கிப் பாருங்கள். படம் முழுக்கச் சின்னச் சின்னப் புள்ளிகளாகத் தெரிந்தால் அது அச்சகத்தில் அடித்தது. புள்ளி இல்லாவிட்டால் உண்மையான புகைப்படம். அடுத்து, படத்தை விளக்குக்குச் சாய்த்துப் பிடியுங்கள். மை என்றால் கையெழுத்துக் கோடு சுற்றியுள்ள பளபளப்பிலிருந்து வேறுபடும், கோடு கோட்டைக் கடக்கும் இடத்தில் மை கூடுதலாக நிற்கும். எங்கும் ஒரே பளபளப்பு என்றால் கையெழுத்து நெகட்டிவிலேயே இருந்திருக்கிறது. ஃபெல்ட் பேனா கோடாக இருந்தால் 1955 என்ற வருடம் பொய், ஏனென்றால் அந்தப் பேனா பரவலானதே அறுபதுகளில்தான்.

உங்கள் ஸ்கேனில் தெரிவது ஊற்றுப்பேனா மைதான், அதனால் அச்சு இல்லை. ஆனால் அம்மாவின் பெயர், வாழ்த்து, கையெழுத்து மூன்றும் ஒரே அளவில், ஒரே வேகத்தில், பள்ளிக்கூட ஆசிரியை எழுதியதுபோலச் சீராக ஓடுகின்றன. பெக்கின் கையெழுத்து என்று உறுதியான ஆவணங்களில் உள்ளவை இதைவிட அவசரமானவை. இது செயலாளர் கை என்றுதான் நினைக்கிறேன். ஸ்கேனை மட்டும் வைத்து இதற்கு மேல் யாரும் சொல்லக்கூடாது.

பெக்கே போட்டிருந்தாலும் அண்ணா எதிர்பார்க்கும் தொகை வராது. ஜேம்ஸ் டீன் நாயகனாக மூன்றே படம் நடித்து 24 வயதில் இறந்தார், அவருடைய கையெழுத்துக்கு எப்போதும் விலை உண்டு. பெக் நீண்ட நாள் வாழ்ந்தவர். எண்பது வயதை நெருங்கும்போதுகூட ஊர் ஊராகப் போய் மேடையில் ரசிகர்களோடு உரையாடும் நிகழ்ச்சி நடத்தினார். அவர் கையெழுத்துக்குப் பஞ்சமில்லை. சான்றளிப்பதாகச் சொல்லும் நிறுவனத்துக்குக் கட்டும் பணம் விற்கும் விலையைத் தின்றுவிடலாம். இதற்காகச் செலவழிக்காதீர்கள்.

இதை அம்மாவிடம் சொல்வதா என்று யோசிப்பீர்கள். அவரிடமே ஒருமுறை கேட்டுப் பாருங்களேன், இது பெக் போட்டதென்றா நினைக்கிறீர்கள் என்று. அந்தக் காலத்து ரசிகைகள் ஏமாளிகள் இல்லை. ரசிகர் கடிதங்களுக்குச் செயலாளர்கள் பதில் போடுவது பெரிய ரகசியமும் அல்ல. தெரிந்தே பத்திரப்படுத்தியிருக்கலாம். தெரியாது என்று பட்டால் பேச்சை விட்டுவிடுங்கள். 85 வயதில் அந்தத் தகவல் அவருக்கு எதற்கு?

அம்மா பேசும்போது போனில் பதிவு செய்யுங்கள். ஆனால் 'இதை ஏன் எடுத்து வந்தீர்கள்' என்று தொடங்காதீர்கள். நாற்பது வருடமாக அண்ணா அந்தக் கேள்வியை வீட்டில் வேறு தொனியில் கேட்டுவருகிறார், அதனால் அம்மா தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் பார்ப்பார். பக்கத்தைத் திறந்துவைத்துச் சின்னதாகக் கேளுங்கள். இந்தப் பத்திரிகை யார் வீட்டுக்கு வந்தது? ஐந்தாவது பக்கத்தில் பாதி கிழிந்த தியேட்டர் டிக்கெட் இருக்கிறதே, கூட யார் வந்தார்கள்? 1955-இல் ஹாலிவுட்டுக்குக் கடிதம் எழுத முகவரி யார் கொடுத்தது, தபால் செலவுக்குப் பணம் எங்கிருந்து வந்தது? முடிந்தால் அண்ணாவும் பக்கத்தில் இருக்கட்டும். கணக்கு வரிகளில் வரும் பெயர்களில் சில அவருக்குத் தெரிந்த குடும்பங்களாக இருக்கலாம்.

பாதுகாப்பு. புத்தகம் பேஸ்மென்டில் இருந்தால் இன்றே மேலே கொண்டுவாருங்கள். டொராண்டோ கோடையில் பேஸ்மென்ட் ஈரமாகும், ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சணம் பிடிக்கும். குளிர்காலத்து ஹீட்டர் காற்றும் ஆகாது, தாளை உலர்த்தி முறிக்கும். ஹீட்டர் வாய்க்கும் வெளிச்சுவருக்கும் தள்ளி, படுக்கையறை அலமாரி போதும். அமிலமற்ற அட்டைப் பெட்டி ஒன்றில் படுக்கவைத்து வையுங்கள். கடையில் விற்கும் பிவிசி பிளாஸ்டிக் உறை வேண்டாம், லேமினேஷன் வேண்டவே வேண்டாம், அந்துருண்டையும் வேண்டாம். கடைசிப் பக்கங்களில் ஒட்டிய செலோடேப் பசை பழுத்து வழிகிறது. அந்தப் பக்கங்களுக்கு நடுவே மட்டும் சிலிக்கோன் பூசிய பேக்கிங் தாளை நறுக்கி வையுங்கள், எதிர்ப்பக்கத்தோடு ஒட்டிக்கொள்ளாது. எல்லாப் பக்கத்துக்கும் நடுவே தாள் வைத்தால் கட்டு பிளந்துவிடும்.

சுவரில் மாட்டியிருக்கும் கையெழுத்துப் படத்தை எடுத்துப் பெட்டியில் வைத்து, நகலை மாட்டச் சொல்வதுதான் எங்கள் புத்தகப் பாடம். அம்மா இருக்கும்வரை அசலே இருக்கட்டும். ஜன்னல் வெயில் விழாத சுவருக்கு மாற்றுங்கள், அவ்வளவுதான்.

பிறகு யாரிடம் கொடுப்பது என்று கேட்டிருந்தீர்கள். பெக்கின் சொந்தத் தாள்கள் பெவர்லி ஹில்ஸில் ஆஸ்கர் அகாடமியின் மார்கரெட் ஹெரிக் நூலகத்தில் இருக்கின்றன. ரசிகர் புத்தகங்களை ஆய்வாளர்கள் இப்போது மதிக்கிறார்கள் என்பதால் அங்கேயும் எழுதிக் கேட்கலாம். ஆனால் அங்கே போனால் இது பெக்கைப் பற்றிய ஆயிரத்தில் ஒன்றாகிவிடும், அடியில் உள்ள தமிழ்க் கணக்கை அங்கே யார் படிக்கப்போகிறார்கள்? புத்தகம் குடும்பத்தில் இருக்கட்டும். விளக்குத் தட்டில் எடுத்த படங்களையும் அம்மாவின் குரல் பதிவையும், அவர் சம்மதித்தால், இலங்கைத் தமிழ் ஆவணங்களை இணையத்தில் சேர்த்துவரும் 'நூலகம்' நிறுவனத்துக்குக் கொடுக்கலாம். பழைய கடைக் கணக்குகளில் அந்தக் காலத்து விலைவாசி, கடன் வழக்கம், யார் யாரோடு கொடுக்கல் வாங்கல் என்று எவ்வளவோ கிடைக்கும்.

உங்கள் பிள்ளைகளில் யாருக்கு இது போகவேண்டும் என்பதை அம்மாவே சொல்லட்டும். அவர் சொல்வதை ஒரு தாளில் எழுதுங்கள். புத்தகம் யாருடையது, கணக்கு யார் கடையுடையது, எந்த வருடம் எங்கிருந்து எங்கே வந்தது என்பதையும் அதில் சேர்த்துப் பெட்டிக்குள் வையுங்கள். பென்சிலால் எழுதுங்கள், பேனா வேண்டாம்.